நகராமல் நின்றவள்

மருத்துவமனையின் பின்பக்கம் இருந்த சலவைக்கூடத்தில் தலையணை உறைகளை மடித்து அடுக்குவது ஒருத்தியின் வேலை. பதினோரு வருடமாக அதே மேசை, அதே வெள்ளை உறைகள். அதனால் அவளுக்குத் தலகாணியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

நல்ல மனுஷிதான். யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. கூடத்தில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலில் ஓடிப்போய் வெந்நீர் எடுத்துவருபவள் அவள்தான். ஆனால் சமீபமாக முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தன. ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தால் "அம்மாடி" என்று வாய் தானாகச் சொன்னது.

ஒரு திங்கட்கிழமை காலை, சூப்பர்வைசர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். ஒருத்தி பத்தொன்பது வயதுப் பெண். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அவளுடைய டீச்சர். கற்றுக்கொள்ள அதிக நேரம் தேவைப்படும் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் வேலை. படிப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளைகளை ஒரு வேலையில் உட்காரவைத்து, கால் ஊன்றுகிற வரை கூட நிற்பது அவள் பொறுப்பு.

"இந்தப் பொண்ணு இனிமே உன் மேசைதான். பக்கத்துல வெச்சுப் பாத்துக்க," என்றார் சூப்பர்வைசர். அவருக்கு எதையும் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம். சொல்லி முடிக்கும்போதே பாதி தூரம் போயிருந்தார்.

டீச்சர்தான் நின்று விளக்கினாள். "ஒரே சமயத்துல ரெண்டு வேல சொல்லாதீங்க அக்கா. ஒண்ணு முடிஞ்சதும் ஒண்ணு. கத்துக்கக் கொஞ்சம் நாளாகும். கத்துக்கிட்டா விடமாட்டா."

உறையை உதறுவது, தையல் உள்பக்கம் போகும்படி திருப்புவது, மூன்றாக மடிப்பது, அடுக்குவது என்று ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்து, சுவரில் வரிசையாக ஒட்டினாள். முதல் வாரம் அந்தப் பெண்ணின் தோளோடு தோள் நின்றாள். அடுத்த வாரம் இரண்டடி தள்ளி. அதற்கடுத்த வாரம் கதவோரம். பிறகு கேன்டீனில் போய் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் வெள்ளிக்கிழமை மட்டும் எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பெண் எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்றாள். கொஞ்சம் தடித்த நாக்கு, ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் பளிச்சென்று வரும். பத்து நாளில் கூடமே அவளைச் 'சரி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. "சரிய இங்க அனுப்பு", "சரி எங்க போனா?" அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. டீச்சர் வந்து "எப்படி இருக்கு? வேல பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் "சரி டீச்சர்" என்பாள். எல்லோரும் அதைச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் தலகாணியக்காவின் தண்ணீர் பாட்டில்தான். "கண்ணு, இத ரொப்பிட்டு வரியா? கால் வலிக்குது." சரிக்கா. பிறகு துணிவண்டியைத் தள்ளிவருவது. பிறகு மேசையைத் துடைப்பது. தலகாணியக்காவுக்கு முழங்கால் லேசானது. அவள் அதை வேலை வாங்குவதாக நினைக்கவே இல்லை. சும்மா நிற்கிற பெண்ணுக்கு நாலு விஷயம் பழக்கிவிடுகிறோம் என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். உலர்த்தி இயந்திரத்து அண்ணன் பஞ்சு வழித்துப் போடச் சொன்னான். உருளையில் விரிப்பு தேய்க்கிறவள் மூட்டையை இழுத்துவரச் சொன்னாள். ஆளுக்கு ஒரு வேலைதானே என்று ஆளாளுக்கு நினைத்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே பெண்ணின் தலையில் விழுவதை யாரும் கவனிக்கவில்லை. தேநீர் மணி அடித்தால் அவள் மட்டும் எதையாவது இழுத்துக்கொண்டோ வழித்துக்கொண்டோ இருப்பாள்.

இரண்டாவது மாதத்தில் அந்த வியாழக்கிழமை வந்தது.

பன்னிரண்டு மணி இருக்கும். தலகாணியக்காவின் மகன் படிக்கிற பள்ளியிலிருந்து போன். விளையாடும்போது விழுந்து கை வீங்கியிருக்கிறதாம், உடனே வரவேண்டுமாம். அந்த மாதம் இரண்டு முறை அனுமதி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை கேட்கத் தைரியம் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குள் ஓடிப்போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

"கண்ணு, நான் வர்ற வரைக்கும் இந்த மேசைய விட்டு நகராத. சூப்பர்வைசர் கேட்டா அக்கா இப்பத்தான் அந்தப் பக்கம் போனாங்கன்னு சொல்லு. சரியா?"

"சரிக்கா."

மகனுக்கு எலும்பில் கீறல். எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்து, கட்டுப் போட்டு, வீட்டில் பக்கத்துவீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு அவள் திரும்பும்போது மூன்றாகிவிட்டது. பின்வாசல் வழியாக நுழைந்தவள், தன் மேசையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மடித்த உறைகள் தோள் உயரத்துக்கு. மடிக்க ஒன்றும் மிச்சமில்லாததால் மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுப் பை ஆணியில் தொங்கியபடியே இருந்தது. காலுக்குக் கீழே தரை நனைந்திருந்தது. பாவாடையும் நனைந்திருந்தது. உருளைக்காரி அப்போதுதான் அதைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு உலர்த்தி அண்ணனிடம் ஏதோ சொன்னாள்.

தலகாணியக்கா ஓடிவந்தாள். ஒரு விரிப்பை உருவி அந்தப் பெண்ணின் இடுப்பைச் சுற்றிக் கட்டி, உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போனாள். கால் கழுவிவிட்டாள். அந்தப் பெண்ணின் கை சில்லென்று இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்ததும் மூச்சுவிடாமல் குடித்தாள்.

வெளியே வந்தபோது சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"ஏம்மா, பாத்ரூம் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

அவள் தலையாட்டினாள்.

"அப்புறம் ஏன் போகல?"

அவள் திரும்பித் தலகாணியக்காவைப் பார்த்தாள், அவ்வளவுதான். தலகாணியக்கா தரையைப் பார்த்தாள். பிறகு ஒரு பழந்துணியை எடுத்துக்கொண்டு போய், வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இது கொழந்தைங்கள வெச்சுப் பாத்துக்குற எடம் இல்ல," என்று சூப்பர்வைசர் சொல்வது காதில் விழுந்தது. டீச்சருக்குப் போன் போனது. அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போனது. மாற்றுத்துணியோடு வந்த அம்மா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகளின் கையைப் பிடித்து விறுவிறுவென்று கூட்டிப்போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. "ஆரம்பத்துலயே சொன்னேன், இது சரிப்படாதுன்னு," என்றாள் உருளைக்காரி. ஆரம்பத்தில் அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. தலகாணியக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளாதவள் போல உறையை உதறினாள். வாய் வரை வந்ததை மென்று விழுங்கினாள். சொன்னால் வேலை போகும், மகன் கையில் கட்டோடு கிடக்கிறான் என்று ஒரு பக்கம் மனசு வக்காலத்து வாங்கியது. ஆனால் சுவரில் இருந்த போட்டோக்கள் எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணின் கைகள்தான். நிமிர்ந்தால் கண்ணில் பட்டன.

திங்கட்கிழமை டீச்சர் வந்தாள். ஒரு சின்னக் கத்தியால் போட்டோக்களைச் சுவரிலிருந்து பெயர்க்க ஆரம்பித்தாள். மூன்றாவது போட்டோவுக்கு வரும்போது தலகாணியக்காவுக்குத் தாங்கவில்லை.

"டீச்சர், அத எடுக்காதீங்க. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. நான்தான் நகராதன்னு சொல்லிட்டு வெளிய போனேன்."

டீச்சர் கத்தியை மடக்கினாள். தலகாணியக்கா எல்லாவற்றையும் சொன்னாள், தண்ணீர் பாட்டிலில் ஆரம்பித்து. நடுவில் அழுகை வந்தது, அதையும் மீறிச் சொன்னாள். திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தாள். டீச்சர் ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினாலு வருஷம் எங்க பள்ளிக்கூடத்துல இருந்தா," என்றாள் கடைசியில். "சொன்னதக் கேட்டா கைதட்டுவோம். எதுத்துப் பேசினா ஓரமா உக்கார வெப்போம். நல்ல பொண்ணுன்னு வருஷா வருஷம் பரிசு குடுத்தோம். முடியாதுன்னு சொல்ல மட்டும் ஒருத்தரும் கத்துக்குடுக்கல. நானும்தான்." எழுந்து கத்தியைப் பையில் போட்டாள். "ஆனா நீங்க செஞ்சது செஞ்சதுதான் அக்கா. சூப்பர்வைசர்கிட்ட நீங்களே சொல்லணும். அவங்க அம்மாகிட்டயும்."

சூப்பர்வைசர் முழுவதையும் நின்றபடியே கேட்டார். அதிசயமாக, அன்றைக்குப் பாதியில் நகரவில்லை.

"பதினோரு வருஷ மொகத்துக்காக வீட்டுக்கு அனுப்பாம விடுறேன். ரெண்டு மாசம் அழுக்குத்துணி பிரிக்கிற எடத்துல இரு."

"அந்தப் பொண்ணு, சார்?"

"ஒரு மாசம் பாக்கலாம். அதுக்கு மேல யாரும் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

அன்று சாயங்காலமே தலகாணியக்கா டீச்சரோடு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி. ஏறி முடிப்பதற்குள் முழங்கால் கெஞ்சியது. அம்மா தையல் மிஷினில் ஒரு கால்சட்டைக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. மிஷினை நிறுத்தவும் இல்லை. தலகாணியக்கா நின்றபடி சொன்னாள். சொல்லி முடிக்கும்போது மிஷின் சத்தம் நின்றிருந்தது.

"உங்களுக்கு ஒரு புள்ள இருக்கான்ல?"

"இருக்கான் அக்கா."

"அவன அப்படி நிக்க வெச்சிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

தலகாணியக்கா மிஷினில் கிடந்த கால்சட்டையைப் பார்த்தாள்.

"நாலு பேர் அடிச்சுடக் கூடாது, திட்டிடக் கூடாதுன்னு சரின்னு சொல்லச் சொல்லி வளத்தவ நான்," என்றாள் அம்மா. "யார் என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிடுடி, வம்பு இல்லன்னு. அதத்தான் நீங்க நல்லாப் பயன்படுத்திக்கிட்டீங்க."

உள் அறையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். தலகாணியக்கா அவள் பக்கம் திரும்பினாள். "கண்ணு, நான் சொன்னது தப்பு. உன்ன அப்படி விட்டுட்டுப் போனதும் தப்பு. என்ன மன்னிச்சுரு."

அந்தப் பெண் யோசித்தாள். அவளுக்கு யோசிக்க நேரம் வேண்டும்; யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நான் நகரல," என்றாள். "நீங்க நகராதன்னு சொன்னீங்க. நான் நகரவே இல்ல அக்கா."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதைத்தான் தலகாணியக்காவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க டீச்சருக்கு ஒன்பது நாள் பிடித்தது. தினமும் ஒரு மணி நேரம் கூடவே இருப்பதாகச் சொன்ன பிறகுதான் அனுப்பினாள்.

இந்த முறை சுவரில் ஒரே ஒரு புதுப் போட்டோ. உள்ளங்கையை முன்னால் காட்டி அந்தப் பெண் நிற்கிற படம். "இப்ப முடியாது" என்று பெரிய எழுத்தில் கீழே எழுதியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பயிற்சி. "உங்ககிட்டதான் அவ முதல்ல சொல்லிப் பழகணும்," என்று டீச்சர் தலகாணியக்காவை அழுக்குத்துணி அறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டாள்.

"கண்ணு, எனக்குத் தண்ணி ரொப்பிட்டு வா."

"சரிக்கா," என்று எழுந்தாள். டீச்சர் போட்டோவைக் காட்டினாள். அவள் உட்கார்ந்தாள். "சரிக்கா, முடியாது."

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாள் அதே கதைதான். சரி முடியாது. முடியாது சரிக்கா. மூன்றாம் நாள் உலர்த்தி அண்ணன், தன் பங்குக் குற்ற உணர்ச்சியோ என்னவோ, தானாக வந்து வரிசையில் நின்றான். "உன் செருப்பக் கழட்டி எனக்குக் குடு." அவள் தன் செருப்பைப் பார்த்தாள், அவனுடைய பெரிய பாதத்தைப் பார்த்தாள். "முடியாது. பத்தாது," என்றாள். கூடமே கைதட்டியது. பிறகு ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். உன் மூக்கைக் குடு, இந்த மிஷினைத் தூக்கிட்டு வா, என் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய். எல்லாவற்றுக்கும் அவள் முடியாது என்றாள். சொல்லச் சொல்லக் குரல் கனத்தது. உருளைக்காரி மட்டும் கடைசிவரை வரவில்லை.

பத்தே நாளில் அம்மா டீச்சருக்குப் போன் செய்தாள். டீச்சர் அதை எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். "என்ன டீச்சர் கத்துக்குடுத்து வெச்சிருக்கீங்க? எந்திரின்னா முடியாதுங்குறா. நீலச் சட்டையப் போடுன்னா முடியாதுங்குறா. நேத்து என் தங்கச்சி வந்து ஒரு முத்தம் குடுன்னு கேட்டா, அவகிட்டயும் கையக் காட்டிட்டா. மானமே போச்சு." கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரலில் வேறு என்னவோ இருந்தது.

உண்மையான சோதனை மூன்றாவது வாரம் வந்தது. அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து அவசரமாகத் துணி கேட்டிருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சூப்பர்வைசர் பதறிக்கொண்டு வந்து, கண்ணில் முதலில் பட்ட அந்தப் பெண்ணிடம், "ஏய், இந்த வண்டியக் கொஞ்சம் தள்ளிட்டுப் போ," என்றார்.

அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். மூச்சை இழுத்தாள். கை மேலே வந்தது. "இப்ப முடியாது சார். சாப்பிடுறேன். பாத்ரூம் போகணும். அப்புறம் வரேன்."

அழுக்குத்துணி அறை வாசலிலிருந்து தலகாணியக்கா எட்டிப் பார்த்தாள். சூப்பர்வைசர் அந்தக் கையைப் பார்த்தார், சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். பிறகு வண்டியின் கைப்பிடியை அவரே பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அது ஒரு சக்கரம் கோணிய வண்டி. கதவில் இரண்டு தடவை இடித்தார். அரைமணி கழித்து அந்தப் பெண் தானாகப் போய் "வந்துட்டேன் சார்" என்று அவர் முன்னால் நின்றாள். அவர் அவளுக்குக் கொடுக்க ஒரு வேலையைத் தேடவேண்டியிருந்தது.

அவர் சொன்ன ஒரு மாதக் கெடு பேச்சில்லாமல் கடந்தது. ஆனால் அவளுடைய 'முடியாது' அத்தோடு நிற்கவில்லை. இரண்டு மாதம் முடிந்து தலகாணியக்கா தன் மேசைக்குத் திரும்பிய அன்று, "இனிமே நாம ரெண்டு பேரும் பழையபடி," என்று சிரித்தபடி உறைக் கட்டை அவிழ்த்தாள். அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இது பிடிக்கல அக்கா."

"எது?"

"தலகாணி உறை."

"எப்பலேர்ந்து பிடிக்கல?"

"முதல்லேர்ந்து."

தலகாணியக்காவுக்கு முதலில் சுருக்கென்றது. பதினோரு வருடம் தான் செய்கிற வேலை. தன்னையே பிடிக்கவில்லை என்று சொன்ன மாதிரி இருந்தது. ஒருவேளை அதையும் சேர்த்துத்தான் சொல்கிறாளோ என்றும் தோன்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை. "வேற என்ன பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டாள். இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை அவளும் கேட்டதில்லை, டீச்சரும் இந்த வார்த்தையில் கேட்டதில்லை.

அந்தப் பெண் கூடத்தின் மறுகோடியைக் காட்டினாள். அங்கே கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு எரியும் ஒரு மேசை. அறுவை சிகிச்சைக்கான பச்சைத் துணிகளை அதில் விரித்து, ஓட்டை கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் பொத்துக்கொண்டு தெரியும்.

"ஏன் அது?"

"அங்க உக்காந்து செய்யலாம்," என்றாள்.

தலகாணியக்கா வாய்விட்டுச் சிரித்தாள். பதினோரு வருடம் நின்றே முழங்காலைத் தேய்த்தவளுக்கு இது தோன்றவே இல்லையே.

டீச்சர் கேட்டுத் திகைத்துப்போனாள். பிறகு பையிலிருந்து கேமராவை எடுத்தாள். வெளிச்ச மேசையில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி பிரசவ விடுப்பில் போவதாக இருந்ததால் சூப்பர்வைசரும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

லேசில் வரவில்லை. மற்றவர்கள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வதை அவள் ஏழு வாரம் கற்றாள். நூல் முடிச்சை ஓட்டை என்று ஒதுக்கினாள். நல்ல துணிகள் பாதி கழிவுக் கூடைக்குப் போயின. ஒருநாள் எரிச்சலில் துணியைச் சுருட்டிக் கீழே எறிந்துவிட்டு அழுதாள். வெளிச்ச மேசையில் இருந்த மற்றவள், அதிகம் பேசாத ஒரு பெண், துணியை எடுத்து மறுபடி விரித்து, "இன்னொரு தடவ பாப்போம்," என்றாள். அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது. சாப்பிடுவதும் சேர்ந்து, பஸ் ஏறுவதும் சேர்ந்து. தலகாணியக்காவைப் பார்த்தால் அந்தப் பெண் சிரிப்பாள், நின்று இரண்டு வார்த்தை பேசுவாள். அதற்கு மேல் இல்லை. அதற்கு மேல் எதிர்பார்க்கத் தனக்கு என்ன உரிமை என்று தலகாணியக்காவும் விட்டுவிட்டாள். ஆனால் வேறு யாராவது அந்தப் பெண்ணிடம் ஒரு பாட்டிலை நீட்டினால், மேசையிலிருந்து தலகாணியக்கா செருமுகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அந்தப் பெண்ணை நிரந்தரம் ஆக்கி உத்தரவு வந்தது. டீச்சர் சுவரில் மிச்சமிருந்த போட்டோக்களைத் தானே கழற்றி எடுத்துக்கொண்டு, வேறொரு பிள்ளைக்காக வேறொரு இடத்துக்குப் போய்விட்டாள். கையெழுத்துப் போட அம்மாவும் வந்திருந்தாள். வேலை முடிகிற நேரம், பின்வாசலில் தலகாணியக்காவும் அவளும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. மூன்றாம் மாடி வீட்டுக்குப் பிறகு இப்போதுதான்.

"பையன் கை சரியாப் போச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"போச்சு அக்கா. மறுபடி விளையாடப் போறான்."

அம்மா பையைக் கீழே வைத்தாள். "உங்க மேல கோவம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். சில நாள் அந்தப் பாவாடையப் பாத்தா வரும்."

"தெரியும் அக்கா."

"வாயத் தொறந்து சொன்னீங்கல்ல. நீங்க சொல்லலன்னா அவ இன்னிக்கும் வீட்டுல என் மிஷின் பக்கத்துல உக்காந்து நூல் சுத்திக்கிட்டு இருப்பா." மகள் வருகிறாளா என்று உள்ளே எட்டிப் பார்த்து, "அதையும்தான் நெனச்சுக்குறேன்," என்றாள்.

அப்போது அந்தப் பெண் தோழியோடு பேசிக்கொண்டே வெளியே வந்தாள். பஸ் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துவிட்டாள். "அம்மா, பஸ்," என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்காக நிற்காமல் முன்னால் போய்விட்டாள். "இருடி, வரேன்," என்று அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

பஸ் கிளம்பிப் போகிற வரை தலகாணியக்கா வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய், ஒரு நாற்காலியை இழுத்துத் தன் மேசையருகே போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த உறைகளை மடிக்க ஆரம்பித்தாள்.